காற்றில் நிறைந்திருந்தும் பயிருக்கு எட்டாத நைட்ரஜன்

கேட்கப்பட்டவை மூன்று கேள்விகள். காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன் இருக்கும்போது அதையே உரமாக நிலத்தில் ஏன் இட வேண்டும்? இயற்கையில் தானாகச் சுற்றிவரும் ஒரு பொருள் எப்படி மாசாக முடியும்? இன்றே உரத்தைக் குறைத்துக்கொண்டால் எவ்வளவு காலத்தில் நிலைமை சீராகும்? மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில் தொடங்குகிறது. நைட்ரஜன் இரண்டு நிலைகளில் இருக்கிறது. இரண்டு அணுக்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டு, எதனோடும் எளிதில் சேராமல் காற்றில் திரியும் வாயு ஒன்று. அந்தப் பிடியிலிருந்து விடுபட்டு, ஹைட்ரஜனோடோ ஆக்சிஜனோடோ கார்பனோடோ சேர்ந்து, வினைபுரியும் வல்லமை பெற்றுவிட்ட நைட்ரஜன் மற்றொன்று. முதல் நிலையிலிருந்து இரண்டாவதுக்கு வரும் வாசல் இயற்கையில் மிகக் குறுகியது. கடந்த நூறாண்டுகளில் நாம் திறந்துவிட்டது அந்த வாசலைத்தான். திரும்பிப் போகும் வாசலோ நம் கையில் இல்லை. அது மண்ணிலும் நீரிலும் வாழும் நுண்ணுயிர்களின் வசம் இருக்கிறது.

காற்றிலுள்ள இரண்டு நைட்ரஜன் அணுக்களைப் பிணைத்திருப்பது மும்மைப் பிணைப்பு. ஒரு மோல், அதாவது ஏறத்தாழ 28 கிராம், நைட்ரஜனில் அதை அறுக்க ஏறத்தாழ 945 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஆக்சிஜனின் பிணைப்பை அறுக்கத் தேவைப்படுவதைப் போல் இது கிட்டத்தட்ட இரு மடங்கு. ஆகவேதான் நாம் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளிழுக்கும் நைட்ரஜன் அப்படியே வெளியே வந்துவிடுகிறது. ஆனால் புரதமும், மரபுப் பொருளான டி.என்.ஏ.வும், இலைக்குப் பச்சை நிறம் தரும் பச்சையமும் நைட்ரஜன் இல்லாமல் உருவாவதில்லை. உழவர்கள் அதற்குத் ‘தழைச்சத்து’ என்று பெயர் வைத்தது மிகப் பொருத்தம்: அது குறைந்த பயிரில் முதலில் அடியிலைகள்தாம் மஞ்சளிக்கும், ஏனெனில் செடி பழைய இலையிலிருந்து அதைப் பிரித்தெடுத்துப் புதுத் தளிருக்கு அனுப்பிவிடுகிறது. உயிர்கள் இதை எவ்வளவு சிக்கனமாகக் கையாண்டு வந்திருக்கின்றன என்பதற்கு அந்த மஞ்சளித்த அடியிலையே சாட்சி.

இயற்கையில் அந்தப் பிணைப்பை அறுப்பவை இரண்டு. ஒன்று மின்னல். மின்னல் பாயும் வழியில் காற்று கொதித்து, நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி, மழையோடு நைட்ரேட்டாக இறங்குகின்றன. மழைநீரில் தழைச்சத்து இருக்கிறது என்பது உண்மைதான் என்றாலும், உலகம் முழுவதற்கும் சேர்த்து மின்னல் தருவது ஆண்டுக்கு ஏறத்தாழ 50 லட்சம் டன் மட்டுமே. பெரும்பங்கு மற்றொன்றினுடையது: பாக்டீரியா. தாவரமோ விலங்கோ பூஞ்சையோ தானாக இதைச் செய்வதில்லை. நைட்ரோஜினேஸ் என்ற நொதியை உடைய சில நுண்ணுயிர்கள் மட்டுமே செய்கின்றன. அந்த நொதி இரும்பையும் மாலிப்டினத்தையும் மையத்தில் வைத்துக்கொண்டு, ஒரு நைட்ரஜன் மூலக்கூறை அம்மோனியாவாக்குவதற்கு உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யில் 16 மூலக்கூறுகளைச் செலவிடுகிறது. இவ்வளவு செலவோடு இன்னொரு இடரும் உண்டு: ஆக்சிஜன் பட்டால் அந்த நொதி கெட்டுவிடும்.

இந்த இடரை உயிர்கள் எப்படிச் சமாளிக்கின்றன என்பதைக் கண்ணாலேயே காணலாம். நிலக்கடலை, தட்டைப்பயறு போன்ற ஏதேனும் ஒரு பயறுவகைச் செடியைப் பூக்கும் பருவத்தில் வேர் அறாமல் மண்ணோடு அகழ்ந்தெடுத்து, வேரை நீரில் மெல்ல அலசினால், கடுகளவிலிருந்து மிளகளவு வரை முண்டுகள் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். ஒன்றைப் பறித்து நகத்தால் கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் இரத்தச் சிவப்புக்கு நெருங்கிய உறவு அது. லெக்ஹீமோகுளோபின் என்ற அந்தச் சிவப்புப் பொருள், முண்டுக்குள் வாழும் ரைசோபியம் பாக்டீரியா சுவாசிக்கப் போதுமான ஆக்சிஜனை மட்டும் அளந்து கொடுத்து, நொதியைத் தாக்காதபடி மிகுதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. உள்ளே பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அந்த முண்டு ஓய்ந்துவிட்டது என்று பொருள். செடி சர்க்கரை தருகிறது, பாக்டீரியா தழைச்சத்து தருகிறது. இந்தக் கூட்டை ஜெர்மானிய ஆய்வாளர்களான ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1880-களில் சோதனைகளால் உறுதிப்படுத்தினார்கள். 1888-இல் டச்சு நுண்ணுயிரியலாளர் பேயரிங்க் அந்த முண்டுப் பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். கவனிக்கத்தக்க மற்றொன்று: யூரியா தாராளமாக இட்ட நிலத்தில் இதே செடி முண்டுகளைக் குறைவாகவே உண்டாக்கும். எளிதாகக் கிடைப்பதற்கு யாரும் சர்க்கரை கொடுக்க மாட்டார்கள்.

இப்படி உயிருக்குள் வந்த நைட்ரஜன் இலையாகவும் விதையாகவும் விலங்கின் தசையாகவும் மாறி, இலை உதிர்ந்தும் உயிர் மாய்ந்தும் மண்ணுக்குத் திரும்புகிறது. மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் அதை அம்மோனியமாக்குகின்றன; அம்மோனியாவின் மின்னூட்டம் பெற்ற வடிவம் அது. அடுத்து நைட்ரசோமோனாஸ் போன்றவை அம்மோனியத்தை நைட்ரைட்டாகவும், நைட்ரோபேக்டர், நைட்ரோஸ்பைரா போன்றவை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் ஆக்குகின்றன. இதில் ஒரு சிறு வேதியியல் வேறுபாடு பின்னால் வரும் சிக்கல்களில் பாதிக்குக் காரணம் என்பதால் அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். களிமண் துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் உண்டு. அம்மோனியம் நேர்மின்னூட்டம் கொண்டது; ஆகவே மண் அதைப் பிடித்து வைக்கும். நைட்ரேட் எதிர்மின்னூட்டம் கொண்டது. மண்ணுக்கு அதன்மீது பிடிப்பில்லை. வேர் எடுத்துக்கொள்ளாத நைட்ரேட் அடுத்த பெருமழையில் நீரோடு இறங்கி, வேருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடும்.

திரும்பிப் போகும் வாசலைக் காண நீர் தேங்கிய வயலைவிட நல்ல இடம் இல்லை. சில வாரங்கள் நீர் நின்ற சேற்றில் ஒரு கரண்டி அகலத்துக்கு மண்ணை வெட்டி, கலையாமல் தூக்கிப் பாருங்கள். மேலே ஒரு சில மில்லிமீட்டர் கனத்துக்குப் பழுப்பான ஏடு. அதற்குக் கீழே முழுவதும் சாம்பல் நீலம். பழுப்பு ஏட்டில் நீரிலிருந்து வரும் ஆக்சிஜன் இருக்கிறது, கீழே இல்லை. மேலேட்டில் அம்மோனியம் நைட்ரேட்டாகிறது. அந்த நைட்ரேட் கீழே கசிந்ததும், ஆக்சிஜன் கிடைக்காமல் தவிக்கும் பாக்டீரியா நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜனை உருவிச் சுவாசிக்கின்றன. நைட்ரேட், நைட்ரைட், நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஸ் ஆக்சைடு என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் அது பழையபடி நைட்ரஜன் வாயுவாகி மேலே போய்விடுகிறது. இதற்கு நைட்ரஜன் நீக்கம் என்று பெயர். சங்கிலி முழுவதும் ஓடி முடிந்தால் தீங்கில்லை. ஆனால் ஆக்சிஜன் அரைகுறையாக இருக்கும் மண்ணில், அமிலத்தன்மை மிகுந்த மண்ணில், நைட்ரேட் அளவுக்கு மீறிக் குவிந்த மண்ணில், கடைசிப் படி முடங்கி நைட்ரஸ் ஆக்சைடாகவே ஒரு பங்கு வெளியேறிவிடும். அந்த ஒரு பங்கைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அம்மோனியத்தையும் நைட்ரைட்டையும் ஆக்சிஜன் இல்லாமலேயே இணைத்து நேரடியாக நைட்ரஜன் வாயுவாக்கும் அனமாக்ஸ் என்ற மற்றொரு வழி 1990-களில் நெதர்லாந்தில் கழிவுநீர்த் தொட்டி ஒன்றில் கண்டறியப்பட்டது. கடலில் நடக்கும் நைட்ரஜன் நீக்கத்தில் அதற்கும் கணிசமான பங்கு உண்டு என்பது பின்னர் தெரியவந்தது.

மனிதர் கைவைப்பதற்கு முன் இந்த இரு வாசல்களும் ஏறக்குறைய ஈடாக இருந்தன. வந்தது குறைவு, போனதும் குறைவு. வேளாண்மையும் அந்த அளவுக்குள்ளேயே நடந்தது: தொழுவுரம், பசுந்தாள் உரம், பயறுவகைப் பயிர்ச் சுழற்சி ஆகியவை இருந்த நைட்ரஜனைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வழிகளும், பாக்டீரியாவைக் கொஞ்சம் கூடுதலாக வேலை வாங்கும் வழிகளுமே. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா பெரு நாட்டின் கடற்பறவை எச்சத்தையும், பிறகு சிலி நாட்டுப் பாலைவனத்தின் வெடியுப்பையும் கப்பல் கப்பலாக இறக்கியது. 1898-இல் பிரிஸ்டல் நகரில் பேசிய வேதியியலாளர் வில்லியம் குரூக்ஸ், அந்த உப்பும் தீர்ந்துபோனால் கோதுமை உண்ணும் நாடுகள் பஞ்சத்தைச் சந்திக்கும் என்றும், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிப்பதே வழி என்றும் எச்சரித்தார்.

பதினொரு ஆண்டுகளில் வழி கிடைத்தது. 1909-இல் ஃபிரிட்ஸ் ஹாபர் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் உயர் அழுத்தத்தில் சேர்த்து அம்மோனியா சொட்டுவதைச் செய்து காட்டினார். அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுசென்றவர் கார்ல் பாஷ். வெப்பமும் அழுத்தமும் சேர்ந்தபோது ஹைட்ரஜன் எஃகுக் குழாயின் கார்பனைத் தின்று அதை வெடிக்கச் செய்தது. உள்ளே மென்னிரும்பு உறை போட்டு அதைத் தீர்த்தார்கள். ஹாபர் வினையூக்கியாகப் பயன்படுத்திய ஆஸ்மியம் என்ற விலை மிகுந்த உலோகத்துக்கு மாற்றாக இரும்பை அடிப்படையாகக் கொண்ட வினையூக்கியை அல்வின் மிட்டாஷ் ஆயிரக்கணக்கான சோதனைகளுக்குப் பின் கண்டுபிடித்தார். ஜெர்மனியின் ஓப்பாவில் 1913-இல் ஆலை ஓடத் தொடங்கியது. 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வெப்பமும், காற்றழுத்தத்தைப் போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தமும், இரும்பு வினையூக்கியும் இன்றும் அப்படியே தொடர்கின்றன. வேர்முண்டு மண்ணின் வெப்பநிலையிலேயே, சத்தமில்லாமல் செய்வதை நாம் இவ்வளவு முயன்று செய்கிறோம். தேவையான ஹைட்ரஜனில் பெரும்பங்கு இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருவதால், உரம் வயலுக்கு வருமுன்பே அதன் பெயரில் கரியமில வாயு வெளியேறிவிடுகிறது.

இதன் அளவைத் தெரிந்துகொள்ள 2013-இல் வெளியான ஒரு மதிப்பீட்டைப் பார்க்கலாம். இயற்கையாக நிலத்தில் பாக்டீரியா பிடிப்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 6 கோடி டன், கடலில் ஏறத்தாழ 14 கோடி டன். மனிதரால் வருவது ஏறத்தாழ 21 கோடி டன்: இதில் 12 கோடி டன் ஹாபர்-பாஷ் முறை, 6 கோடி டன் நாம் பயிரிடும் பயறுவகைகள், 3 கோடி டன் வாகனங்களிலும் அனல்மின் நிலையங்களிலும் எரிபொருள் எரியும்போது உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடுகள். அதாவது உலகம் முழுவதிலும் வினைத்திறன் பெறும் நைட்ரஜனை இரட்டிப்பாக்கிவிட்டோம். நிலத்தை மட்டும் கணக்கில் கொண்டால் மூன்று மடங்குக்கும் மேல் கூட்டிவிட்டோம். கார்பன் சுழற்சியில் நாம் செய்த மாற்றத்தைப் பற்றி ஓயாமல் பேசுகிறோம். விகிதக் கணக்கில் நைட்ரஜனில் செய்தது அதைவிடப் பெரிது என்பது பலருக்குத் தெரியாமலே இருப்பது எனக்கு உண்மையான வருத்தம் தருகிறது.

இட்ட உரம் எங்கே போகிறது? உலகச் சராசரியில், வயலுக்குள் வரும் நைட்ரஜனில் பாதிக்கும் குறைவாகவே அறுவடையாக வெளியே வருகிறது. யூரியாவையே எடுத்துக்கொள்வோம். குருணையை மண்ணின் மேல் தூவினால், மண்ணிலுள்ள யூரியேஸ் நொதி சில நாள்களுக்குள் அதை அம்மோனியமாக உடைக்கிறது. அப்போது குருணையைச் சுற்றியுள்ள சிறு இடத்தில் காரத்தன்மை ஏறி, அம்மோனியம் அம்மோனியா வாயுவாகிப் பறக்கிறது. நீர் நிற்கும் வயலில் நடுப்பகலில் இது இன்னும் கூடும்: வெயிலில் பாசி நீரிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொள்ள, நீரின் காரத்தன்மை உயர்ந்து, மேலுரமாகத் தூவியது கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் கலக்கிறது. எஞ்சியதில் ஒரு பங்கு நைட்ரேட்டாகி நீரோடு இறங்கும், ஒரு பங்கு நைட்ரஜன் நீக்கத்தில் போகும். அறுவடையானதிலும் பெரும்பகுதி மனிதருக்கு நேரே வருவதில்லை. கால்நடைத் தீவனமாகி, அவை தம் உடலில் தக்கவைப்பது போக மிச்சமெல்லாம் சாணமாகவும் சிறுநீராகவும் வெளியேறுகிறது.

வெளியேறிய அணு ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதுதான் இதன் தனித்தன்மை. காற்றில் கலந்த அம்மோனியா, வாகனப் புகையிலிருந்து உண்டான நைட்ரிக் அமிலத்தோடும், நிலக்கரிப் புகையிலிருந்து உண்டான கந்தக அமிலத்தோடும் சேர்ந்து, நுரையீரலின் ஆழம் வரை செல்லும் நுண்துகளாகிறது. அதே துகள் மழையில் இறங்கி, யாரும் உரமிடாத காட்டையும் புல்வெளியையும் உரமிடுகிறது. ஆற்றில் சேர்ந்து பாசியை வளர்க்கிறது. கடைசியில் நைட்ரஸ் ஆக்சைடாகி வளிமண்டலத்தின் மேலடுக்குக்கும் ஏறலாம். ஒரே அணு வழிநெடுக வேறு வேறு வேடத்தில் வேறு வேறு தீங்கைச் செய்துகொண்டே போவதை ஜேம்ஸ் காலோவேயும் அவருடைய குழுவினரும் 2003-இல் படிப்படியாக விழும் அருவிக்கு ஒப்பிட்டார்கள். இயற்கையில் சுற்றிவரும் பொருள் எப்படி மாசாகும் என்ற இரண்டாவது கேள்விக்கு இதுவே விடை. பொருள் அதேதான். தன் நிலையை மாற்றிக்கொண்டே போகும் அதன் இயல்பும் அதேதான். அளவு மட்டுமே மாறியிருக்கிறது.

நிலத்தில் என்ன நடக்கும் என்பதை இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஒரு புல்வெளி 1856 முதல் காட்டிக்கொண்டிருக்கிறது. உரமே இடாத துண்டுகளில் பல பத்து வகைப் புல்லும் பூண்டும் கலந்து வளர்கின்றன. ஆண்டுதோறும் அம்மோனியம் சல்பேட் மிகுதியாக இட்டு, சுண்ணாம்பு இடாமல் விட்ட துண்டுகளில் மண் கடும் அமிலமாகி, விரல்விட்டு எண்ணும்படி சில வகைகளே மிஞ்சியிருக்கின்றன. வளம் கூடினால் உயிர் கூடும் என்று மனம் எதிர்பார்க்கிறது. குறைந்த தழைச்சத்தில் வாழப் பழகிய செடிகளை, மிகுந்த தழைச்சத்தில் வேகமாக வளரும் ஒன்றிரண்டு நிழலால் மூடிக் கொன்றுவிடுகின்றன என்பதே நடப்பது.

கடலில் இதன் விளைவு மெக்சிகோ வளைகுடாவில் ஒவ்வொரு கோடையிலும் அளக்கப்படுகிறது. மிசிசிப்பி ஆறு அமெரிக்காவின் நடுப்பகுதி விளைநிலங்களின் நைட்ரேட்டைக் கொண்டுவந்து சேர்க்கிறது. மிதவைப் பாசி பெருகி, மடிந்து, அடியில் படிகிறது. அதை மட்க வைக்கும் பாக்டீரியா அடிநீரின் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. மேலே வெப்பமான, உப்புக் குறைந்த ஆற்றுநீர் மூடிபோல் மிதப்பதால் காற்றிலிருந்து புது ஆக்சிஜன் கீழே இறங்குவதில்லை. நீந்தத் தெரிந்த மீன்கள் விலகிப் போகின்றன. நண்டும் புழுவும் சிப்பியும் மூச்சடைத்து மடிகின்றன. 2017-இல் அந்தப் பரப்பு ஏறத்தாழ 22,700 சதுர கிலோமீட்டர். இத்தகைய உயிரற்ற பகுதிகள் உலகெங்கும் 400-க்கு மேல் இருப்பதாக 2008-இல் ஒரு கணக்கெடுப்பு கூறியது.

குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் வரம்பு. பச்சிளங் குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனை ஏந்த முடியாமல் போய் உடல் நீலம் பாரிப்பதற்குக் கிணற்று நீரின் நைட்ரேட் காரணமாகலாம் என்பது 1945-இல் அமெரிக்காவின் அயோவாவில் முதன்முதலாக எடுத்துக்காட்டப்பட்டது. நைட்ரேட்டுக்கு நிறமோ மணமோ கிடையாது. நீரைக் கொதிக்க வைத்தாலும் அது போகாது, நீர் ஆவியாவதால் செறிவு கூடத்தான் செய்யும்.

இனி நைட்ரஸ் ஆக்சைடு. நூறாண்டுக் கணக்கில் ஒரு டன் நைட்ரஸ் ஆக்சைடு ஏறத்தாழ 273 டன் கரியமில வாயுவுக்கு ஈடாகப் புவியை வெப்பமாக்குகிறது. வளிமண்டலத்தில் நூறாண்டுகளுக்கு மேல் தங்குகிறது. தொழிற்புரட்சிக்கு முன் நூறு கோடியில் 270 பங்காக இருந்தது இன்று 335-ஐத் தாண்டிவிட்டது. மேலடுக்கில் அது சிதைந்து உண்டாக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகள் ஓசோனை அழிக்கின்றன என்பதைப் பால் குருட்சன் 1970-இல் விளக்கினார். குளோரோஃபுளோரோ கார்பன்களைக் கட்டுப்படுத்திய பிறகு, ஓசோனை அழிக்கும் மனித உமிழ்வுகளில் இன்று முதலிடத்தில் இருப்பது இதுவே என்று 2009-இல் ஏ. ஆர். ரவிசங்கராவும் அவருடன் பணியாற்றியவர்களும் காட்டினார்கள். வயலில் இட்ட குருணைக்கும் வானின் ஓசோனுக்கும் இடையே இப்படி ஒரு நேர்வழி இருக்கிறது.

இவ்வளவையும் படித்தபின் உரமே வேண்டாம் என்ற முடிவுக்கு வருவது எளிது. ஆனால் அது தவறு என்றே நான் கருதுகிறேன். இன்றைய மக்கள்தொகையில் ஏறத்தாழ பாதிப்பேரின் உணவு ஹாபர்-பாஷ் நைட்ரஜனில் விளைகிறது. உரம் அறவே கிடைக்காமல் ஆண்டுதோறும் மண்ணின் இருப்பைச் சுரண்டி விளைவிக்கும் நிலங்கள் ஆப்பிரிக்காவில் பரந்து கிடக்கின்றன. அங்கே குறையே சிக்கல். மிகுதியாக இடும் இடங்களில் செய்ய வேண்டியது, வினைத்திறன் பெற்ற நைட்ரஜனை முடிந்தவரை பயிருக்குள்ளேயே சுற்ற வைப்பது. ஒரே தடவையில் கொட்டாமல், வேர் எடுத்துக்கொள்ளும் பருவம் பார்த்துப் பிரித்து இடுவது. தூவாமல் மண்ணுக்குள் புதைத்து இடுவது. இலையின் பச்சையை நிற அட்டையோடு ஒப்பிட்டுத் தேவை அறிந்து இடுவது. அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையே நிலத்தை வெறுமையாக விடாமல் மூடுபயிர் வளர்த்து மிஞ்சிய நைட்ரேட்டைப் பிடிப்பது. சாணத்தையும் நகரக் கழிவையும் குப்பையாக எண்ணாமல் தழைச்சத்தாகக் கணக்கில் சேர்ப்பது. புதிய கண்டுபிடிப்புக்குக் காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் இவை. டென்மார்க் 1980-களின் நடுப்பகுதி முதல், ஒவ்வொரு பண்ணையும் உர வரவு செலவுக் கணக்கு வைக்க வேண்டும் என்பது உள்ளிட்ட சட்டங்களைக் கொண்டுவந்து, விளைச்சலைப் பெரிதும் இழக்காமலேயே வயல்களின் உபரி நைட்ரஜனைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்தது.

எவ்வளவு காலத்தில் சீராகும் என்ற கடைசிக் கேள்விக்கு, நைட்ரஜன் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே பதில் சொல்ல முடியும். காற்றிலுள்ள அம்மோனியா சில மணி நேரத்திலோ நாள்களிலோ இறங்கிவிடும். ஆகவே இன்று குறைத்தால் இந்தப் பருவத்திலேயே பலன் தெரியும். வளிமண்டலத்தில் ஏறிவிட்ட நைட்ரஸ் ஆக்சைடு நம் பேரப் பிள்ளைகள் காலத்திலும் அங்கே இருக்கும். இடையில் இருப்பது மண். அதைப் பற்றிப் பிரான்சில் ஒரு பொறுமையான சோதனை நடந்தது. 1982-இல், நைட்ரஜன்-15 என்ற, சாதாரண நைட்ரஜன் அணுவைவிடச் சற்றுக் கனமான ஐசோடோப்பால் அடையாளமிடப்பட்ட உரத்தை ஒரே ஒருமுறை நிலத்தில் இட்டு, அதன்பின் பீட்ரூட் வகைச் சர்க்கரைக் கிழங்கும் கோதுமையும் பயிரிட்டு, அந்த அணுக்கள் எங்கே போகின்றன என்று முப்பதாண்டுகள் தொடர்ந்து அளந்தார்கள். 61 முதல் 65 விழுக்காடு வரை பயிர்கள் எடுத்துக்கொண்டன. 8 முதல் 12 விழுக்காடு நைட்ரேட்டாக நிலத்தடி நீரை நோக்கி இறங்கியிருந்தது. 12 முதல் 15 விழுக்காடு மண்ணின் மட்கோடு கலந்து அங்கேயே இருந்தது. இன்னும் குறைந்தது 50 ஆண்டுகளுக்கு அது சிறிது சிறிதாக நீரில் கசிந்துகொண்டிருக்கும் என்று 2013-இல் அவர்கள் கணித்தார்கள்.